நாள் தள்ளிப்போகும் முன்பே

2006 ஜனவரியில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒரு பலகார வினியோகம் தொடங்கியது. பார்வைக்குச் சமோசா, பஜ்ஜி வகையறா. கல்யாணமாகி, இன்னும் கர்ப்பம் தரிக்காமல், பிள்ளை பெற்றுக்கொள்ள எண்ணியிருந்த பெண்கள் தினமும் பக்கத்து மையத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சே கிடையாது. பணியாளரின் கண்ணெதிரே சாப்பிட வேண்டும். முழுதாகச் சாப்பிட்டாரா, பாதியில் வைத்துவிட்டாரா என்பது நோட்டில் ஏறும். மாதவிலக்குத் தேதியையும் மாதாமாதம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பெண்களில் ஒரு பாதிக்குக் கிடைத்த பலகாரத்துக்குள் கீரை, பால்பொடி, உலர்ந்த பழம் இருந்தன. மறுபாதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற நுண்சத்து குறைந்த காய்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 2012 வரை நடந்த இந்த ஆய்வில் மொத்தம் 6,513 பெண்கள். மும்பை மருத்துவர் ரமேஷ் பொத்தாரும் இங்கிலாந்தின் சௌதாம்ப்டனைச் சேர்ந்த கரோலின் ஃபாலும் முன்னின்று நடத்தினார்கள்.

கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடு போடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இன்னும் கர்ப்பமே ஆகாத பெண்ணுக்கு எதற்கு? இந்தக் கேள்விக்கான பதிலின் முதல் துண்டு கிடைத்ததும் இதே மும்பையில்தான், முக்கால் நூற்றாண்டுக்கும் முன்னால்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்திறங்கினார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒரு விநோதமான இரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இதில் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்புச்சத்து கொடுத்தும் பயனில்லை. கிருமியா, வேறு நஞ்சா என்று தேடிப் பார்த்த வில்ஸ், கடைசியில் அந்தப் பெண்களின் வீட்டுச் சமையலுக்குள் நுழைந்தார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தபோது ஒன்று தெளிந்தது: பணம் குறைந்த வீட்டில், கீரையும் காயும் பழமும் பாலும் அரிதாகிப்போன தட்டில்தான் நோய் அதிகம்.

ஆராய்ச்சிக்கிடையே அவர் குன்னூரின் பாஸ்டர் நிலையத்திலும், பிறகு சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அந்தப் பெண்களின் சாப்பாட்டையே போட்டுப் பார்த்தார். நிவாரணம் கிடைத்த இடம்தான் வேடிக்கை. பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் மார்மைட் என்று ஒரு மலிவான கரும்பசை தயாரிப்பார்கள். ரொட்டியில் தடவித் தின்பது. அதைக் கொடுத்ததும் மரணத்தின் வாசல்வரை போன பெண்கள் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார்கள். 1931-இல் இந்த முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. மார்மைட்டுக்குள் இருந்த பொருள் என்ன என்பது வில்ஸுக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ்.

செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டிஎன்ஏ முழுவதும் இன்னொரு பிரதி எழுதப்பட வேண்டும். அந்த எழுத்துவேலைக்கு ஃபோலேட் வேண்டும். அது குறைந்தால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் வளரும், ஆனால் பிரிய முடியாமல் வீங்கி நிற்கும். வில்ஸ் கண்ட பெருத்த அணுக்கள் அவைதாம். சரி, உடம்பிலேயே செல்கள் மிக வேகமாகப் பிரியும் இடம் எது? கருப்பைக்குள் இருக்கும் சில வார வயதுக் கரு.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். கரு உருவான நாளிலிருந்து எண்ணினால், வழக்கமான மாதவிலக்கு வராமல் நாள் தள்ளிப்போவது ஏறக்குறைய 14-ஆம் நாள். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக்குழல், தட்டையான தகடாக இருந்து சுருண்டு மூடிக்கொள்வது 28-ஆம் நாளுக்குள். இடையில் இருப்பது இரண்டே வாரம். அதற்குள் சந்தேகம் வந்து, மாமியாரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீர் பரிசோதித்து, மாத்திரை வாங்கி விழுங்குகிற பெண் எத்தனை பேர்? விழுங்கினாலும் மறுநாளே உடம்பில் ஃபோலேட் இருப்பு ஏறிவிடாது, வாரக்கணக்கு ஆகும். குழல் சரியாக மூடாவிட்டால் பிள்ளை முதுகெலும்புப் பிளவோடு பிறக்கலாம், மூளை வளராமலே போகலாம். ஏழு நாடுகளில் நடந்து 1991-இல் முடிவு வெளியான சோதனையில், அத்தகைய குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்கள் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது.

நரம்புக்குழலாவது ஒற்றைச் சம்பவம். இன்னும் பெரிய வேலை அதே வாரங்களில் ஓசையில்லாமல் நடக்கிறது: நஞ்சுக்கொடி கட்டப்படுகிறது. தாயின் ரத்தத்திலிருந்துதான் கரு முதல் நாள் தொட்டுச் சாப்பிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குத் தாயின் தமனிகள் கருவின் பக்கம் அடைபட்டே கிடக்கின்றன. அடைப்பது கருவிலிருந்து கிளம்பி வந்த செல்கள். அந்தக் காலம் முழுக்கக் கருவுக்கு ஊட்டுவது கருப்பை உட்சுவரின் சுரப்பிகள் கசியவிடும் ஊட்டநீர். அதே நேரத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் சுருள்தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச்சுவரைக் கரைத்து, இறுகவே முடியாத அகலக் குழாய்களாக மாற்றுகின்றன. பிறகுதான் அடைப்பு நீங்கி ரத்தம் பாய்கிறது. பிரசவம் நெருங்கும்போது கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும். இவ்வளவையும் ஏற்கக்கூடிய அமைப்பு மூன்றாம் மாதத்துக்குள் ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது. ஏழாம் மாதச் சாப்பாடு ஆற்றில் வந்த தண்ணீர் என்றால், அதை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் வெட்டப்பட்டது முதல் மூன்று மாதத்தில்.

அந்த மூன்று மாதம்தான் மசக்கைக் காலம் என்பது இயற்கையின் குறும்பு. சோற்று வாசனை வந்தாலே குமட்டும். அப்போது வயிற்றில் தங்குவது கொஞ்சம்; உடம்பு செலவு செய்வது பெரும்பாலும் முன்பே சேர்த்துவைத்த இருப்பை. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு கிராம் இரும்பு தேவைப்படுகிறது: பிள்ளைக்கு, நஞ்சுக்கொடிக்கு, பெருகும் தாயின் ரத்தத்துக்கு. ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் உடம்பு உறிஞ்சுவது சொற்பம். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும், கையோடு டீ குடித்தால் குறையும். ஒன்பதே மாதத்தில், அதுவும் வாந்திக்கிடையே, அந்த ஒரு கிராமைச் சேர்ப்பது சாமான்யமில்லை. 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அவர்களில் பலர் கர்ப்பத்துக்குள் நுழையும்போதே சோகையோடு நுழைந்தவர்கள்.

அப்படியானால் பின்மாதங்களில் கொடுக்கும் உணவு வீணா? இல்லவே இல்லை. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்தில் கடும்பஞ்சம். அப்போது கடைசி மாதங்களில் இருந்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. கருவின் தொடக்க மாதங்களில் மட்டும் பஞ்சத்தைச் சந்தித்த குழந்தைகளோ வழக்கமான எடையிலேயே பிறந்தன. ஆனால் அவர்களிடையேதான் நடுவயதுக்குமேல் இதயநோய் கூடுதலாகத் தென்பட்டது. எடை கூடுவது கடைசியில். உறுப்புகளின் அமைப்பு முடிவாவது முதலில். தராசு ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது கண்ணில் படாது.

ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்த ஒரு சோதனையை இந்தத் துறையில் யாரும் மறப்பதில்லை. அங்கே அறுவடைக்கு முந்தைய மழைமாதங்களில் களஞ்சியம் காலியாகும். அந்த நேரம்தான் வயல்வேலையும் உச்சத்தில் இருக்கும். பெண்கள் வயிற்றுப்பிள்ளையோடு குனிந்து களையெடுப்பார்கள். 1989 முதல் ஐந்தாண்டுகள் 28 கிராமங்களில் நடந்த அந்தச் சோதனையில், ஒரு பகுதிக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்தின் பின்பாதியிலேயே வேர்க்கடலை பிஸ்கட் கொடுத்தார்கள்; மற்றக் கிராமங்களில் பிரசவத்துக்குப் பிறகுதான். வறுத்த கடலை, அரிசிமாவு, சர்க்கரை, கடலை எண்ணெய்: அவ்வளவுதான் சரக்கு. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி அளவுக்கு. குழந்தைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது. பசிமாதங்களில் பிறந்தவர்களுக்கு 201 கிராம். இறந்து பிறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் ஏறக்குறைய பாதியானது. பிஸ்கட்டைச் செய்தவர்கள் ஊர்க்காரர்களே, உள்ளூர்ப் பொருளை வைத்து.

மும்பை ஆய்வின் பலகாரத்தில் இருந்ததோ சுமார் 165 கலோரி. அதன் நோக்கம் வயிற்றை நிரப்புவதல்ல. புனே அருகே ஆறு கிராமங்களில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1990-களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தாய் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் சாப்பிட்டாள் என்பதற்கும் குழந்தையின் அளவுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. பால், கீரை, பழம் எத்தனை தடவை சாப்பிட்டாள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. ஆனால் கவனித்துப் பார்த்ததை வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. பழம் வாங்க முடிகிற வீட்டில் வேறு பல சௌகரியங்களும் இருந்திருக்கும். அதனால்தான் மும்பையில் குலுக்கல்.

முடிவு 2014-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கீரைப் பலகாரம் தின்றவர்களின் குழந்தைகள் 26 கிராம் கூடுதல். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். பல ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று கைவிட்டிருக்கலாம். ஆனால் கரு உண்டாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் 48 கிராம். இதுவும் பெரிதல்ல. நியாயமாகச் சொன்னால் இந்த எடைக்கணக்கு எனக்கும் பெரிய ஏமாற்றம்தான். ஆச்சரியம் வேறிடத்தில் இருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரைக்காகச் சோதிக்கப்பட்ட சுமார் ஆயிரம் பெண்களில், உருளைக்கிழங்குக் குழுவில் 12.4 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது. கீரைக் குழுவில் 7.3 சதவீதம். எண்ணெயில் பொரித்த ஒரு பலகாரம், உள்ளே கீரையும் பாலும் இருந்த ஒரே காரணத்தால், சர்க்கரை நோயை இவ்வளவு தள்ளிவைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தால் பிற்காலத்தில் அவளுக்கும் பிள்ளைக்கும் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே இந்த ஐந்து சதவீதத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

இன்னொரு முடிவு மனதை உறுத்துவது. ஓரளவு உடல்வாகு உள்ள பெண்களுக்குக் குழந்தை எடை 96 கிராம் வரை கூடியது. மிகவும் மெலிந்த பெண்களுக்கு ஒன்றும் கூடவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் பலனில்லை. எலும்பும் தோலுமாக இருப்பவளின் உடம்பு, கிடைத்த நல்ல புரதத்தையும் அன்றாடச் செலவுக்கு எரித்திருக்கலாம், தன்னைத் தேற்றிக்கொள்ள எடுத்திருக்கலாம் என்பது ஊகம். காம்பியாவின் ஆயிரம் கலோரியையும் மும்பையின் 165 கலோரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: ஏழைத் தாய்க்கு இரண்டு பசி இருக்கிறது. ஒன்று அளவுப் பசி, அது பின்மாதங்களில் கடிக்கும். மற்றது சத்துப் பசி, அது கரு உண்டாகும் முன்பே கணக்கைத் தொடங்கிவிடும். ஒன்றைத் தீர்த்து மற்றதைத் தீர்த்ததாகப் பெயர் வாங்க முடியாது.

நம் திட்டங்கள் எல்லாம் இரண்டாவது பசியை ஏறக்குறைய முழுதாகவே தவறவிடுகின்றன. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. தமிழ்நாடு இந்த விஷயத்தில் பல மாநிலங்களுக்கு முன்னே நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-லேயே தொடங்கியது. பின்னர் அது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது. 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் முதல் தவணை என்று வைத்திருந்தது புத்திசாலித்தனம். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கு இலவச உணவை உரிமையாகவே ஆக்கியது. ஆனால் இந்தக் கதவுகளெல்லாம் பதிவுக்குப் பிறகே திறக்கின்றன. அதே தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியத் தாய்மார்களில் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போனவர்கள் பத்தில் ஏழு பேர். சீக்கிரம் வந்த அந்த ஏழு பேரும் கூட நரம்புக்குழல் மூடிய பிறகு வந்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். நம் வழக்கமும் அப்படித்தானே: ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி, புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் பரிமாறிக் கொண்டாடுகிறோம். முதல் மூன்று மாதத்தை வெளியில் சொல்வதுகூட இல்லை.

கொடுத்த உணவு யார் வயிற்றுக்குள் போகிறது என்பது அடுத்த சிக்கல். மும்பையில் ஏன் கண்ணெதிரே சாப்பிட வைத்தார்கள்? வீட்டுக்குப் போன சத்துமாவு பாக்கெட் மூத்த பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்துக் கஞ்சியாவது ஊரறிந்த சேதி. பசித்த பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, இது வயிற்றுப்பிள்ளைக்கு என்று ஒளித்துத் தின்ன எந்தத் தாய்க்கு மனசு வரும்? புருஷனும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதைத் தான் சாப்பிடும் வீட்டில், கீரை மலிவாகக் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. தெலங்கானா 2015-இல் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமி திட்டத்தில் கர்ப்பிணி அங்கன்வாடிக்கே வந்து ஒருவேளை முழுச்சாப்பாடு, முட்டை, 200 மில்லி பால் சாப்பிட வேண்டும். இது பங்குபோடும் பிரச்சினையைத் தீர்க்கிறது. கூலிவேலைக்குப் போகிறவளுக்குப் புதுப் பிரச்சினையைத் தருகிறது: மத்தியானம் அங்கன்வாடிக்கு நடந்து வந்து திரும்பினால் பாதிநாள் சம்பளம் யார் தருவது?

கல்யாணமான கையோடு ஒரு பெண்ணைத் தேடிப்போய்க் கீரையும் பாலும் முட்டையும் கொடுக்க அரசுக்கு வழி உண்டா என்று கேட்டால், முகவரி முன்பே இருக்கிறது. ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரிடமும் தகுதியான தம்பதியர் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊரில் குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதிகளின் பெயர், மனைவியின் வயது, எத்தனை பிள்ளை என்பதெல்லாம் அதில் இருக்கும். புது மருமகள் ஊருக்கு வந்தால் அவர் பெயர் ஏறும். அது குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கிய பதிவேடு. இன்றும் அதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு முதலில் போய்ச் சேரும் செய்தி, பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்பதுதான். பிள்ளை வேண்டும் என்று சொல்கிறவர்களின் பெயருக்கு நேரே செவிலியர் பெரும்பாலும் அடுத்த முறை வரும் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார். சத்துமாவு, இரும்பு மாத்திரை, ஃபோலிக் அமிலம் மூன்றும் அதே ஊரின் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும், பெரும்பாலும் நாள் தள்ளிப்போன செய்திக்காகவே காத்திருக்கின்றன.